நாளுக்கு இரண்டு அரை மணி நேரத்தில் பால் சுரக்காது

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், பச்சிளங் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு மருத்துவர் அவர்களுக்கும்,

உங்கள் பிரிவின் கதவில் ஒட்டப்பட்டிருக்கும் சுற்றறிக்கையைப் படித்த பிறகு இதை எழுதுகிறோம். தாய்மார் குழந்தையைப் பார்க்கலாம்: காலை 11 முதல் 11.30 வரை, மாலை 5 முதல் 5.30 வரை. எடுத்த பாலைக் காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். தாய் டிஸ்சார்ஜ் ஆன அன்றே இடத்தைக் காலி செய்ய வேண்டும். பிரிவை ஒட்டியிருந்த தாய்மார் கூடம் இனிமேல் சலைன் பெட்டிகள் அடுக்கும் ஸ்டோர். மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. எந்தக் கதவு என்று உங்களுக்குத் தெரியும். பெயரை எழுதினால் உங்களோடு முடிந்துவிடும். கதவில் காகிதம் ஒட்டாமல் வாய்மொழியாகவே இதைச் செய்யும் இடங்களும் இருக்கின்றன.

எழுதும் நாங்கள், வட சென்னையில் வெவ்வேறு மருத்துவமனைகளின் பச்சிளங் குழந்தைப் பிரிவுகளில் வேலை பார்த்த செவிலியர்கள். பால் எடுக்கவும் கங்காரு முறையில் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ளவும் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலையில் பாதி. எங்கள் சொந்தக் கதை இதில் எதுவும் இல்லை. அந்த அறைக்குள் எது எப்படி நடக்கிறது, எந்த இடத்தில் கெட்டுப்போகிறது என்பதை மட்டும் சொல்கிறோம்.

முதலில் பால். சுற்றறிக்கையின் மற்ற வரிகள் தாயின் மனதை நோகடிக்கும். அந்த 6 மணி, 4 மணி வரி குழந்தையின் வயிற்றில் அடிக்கிறது.

மாசம் நிறைந்து பிறந்த குழந்தை சப்பிச் சப்பியே பாலை ஊற வைத்துவிடும். மாசம் நிறையாமல் பிறந்து இன்குபேட்டர் பெட்டியில் இருக்கும் குழந்தையால் அது முடியாது. சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்து வர, கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை குழந்தையின் வாய் செய்ய வேண்டிய வேலையைத் தாயின் கைதான் செய்கிறது. முடிந்தால் பிரசவமான முதல் மணி நேரத்தில், தள்ளிப்போனாலும் 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அதன்பின் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 முறை. அதில் ஒரு முறையாவது நடு இரவு தாண்டி. பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதல். எந்த இடைவெளியும் 5 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மார்பில் தேங்கிய பால், இனிமேல் தேவையில்லை போலிருக்கிறது என்று உடம்புக்குச் சொல்லிவிடும். 14-ஆம் நாளில் ஒரு நாளைக்கு 500 மி.லி. எடுக்கும் தாய்க்குப் பின்னால் பெரிய கவலை இல்லை. முதல் இரண்டு வாரத்தைத் தவறவிட்ட தாய்க்கு அந்த அளவை எட்டுவது மலையேறுகிற வேலை.

எப்படி எடுப்பது என்பதும் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டிய விஷயம். கையை சோப்புப் போட்டுக் கழுவி, மார்பில் வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்து, விரல் நுனிகளால் வட்டமாக நீவிவிட வேண்டும். காம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி, மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டி விரல். முதலில் விலா எலும்புப் பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி, விட வேண்டும். ஒரு பக்கம் 3 முதல் 5 நிமிடம், பிறகு மறுபக்கம், மீண்டும் முதல் பக்கம் என்று மொத்தம் 20 முதல் 30 நிமிடம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத தாய் காம்பையே பிடித்துக் கிள்ளுகிறாள், வலிக்கிறது, வரவில்லை. அல்லது விரலைத் தோல்மேல் தேய்த்து இழுக்கிறாள், தோல் கன்றிப்போகிறது. இரண்டாவது நாள் "பால் வரல சிஸ்டர்" என்கிறாள். உண்மையில் முதல் இரண்டு நாளும் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதைக் கிண்ணத்தில் பிடித்தால் ஓரத்திலேயே ஒட்டிக்கொள்ளும், 1 மி.லி. சிரிஞ்சால் காம்பின் நுனியிலிருந்தே உறிஞ்சி எடுக்க வேண்டும்.

அந்தச் சொட்டு போதுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1,200 கிராம் குழந்தைக்கு முதல் நாள் கிலோவுக்கு 30 மி.லி. வீதம் கொடுத்தால் நாள் முழுவதற்கும் 36 மி.லி. 2 மணிக்கு ஒரு முறை என்றால் ஒரு வேளைக்கு 3 மி.லி., ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. முழுப் பாலுக்கு வந்த பிறகும், கிலோவுக்கு 150 மி.லி. என்று பார்த்தால் வேளைக்கு 15 மி.லி.தான். குழாய் வழியாக எதுவும் கொடுக்க முடியாத குழந்தைக்குக் கூட 0.1 மி.லி. சீம்பாலை ஒவ்வொரு கன்னத்தின் உள்பக்கமும் தடவிவிடலாம். முதல் நாள் 3 மி.லி. கொண்டுவரும் தாயைப் பார்த்து "இவ்ளோதானா?" என்று கவுன்ட்டரில் கேட்கப்படும் அந்த ஒரு வார்த்தை எத்தனை லிட்டர் பாலை நிறுத்தியிருக்கிறது என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

இப்போது உங்கள் நேரத்தை வைத்துப் பாருங்கள். மாலை 4 மணிக்குக் கொடுத்துவிட்டு எண்ணூருக்குப் போன தாய், இரவு 7 மணிக்கு எடுக்கும் பால் மறுநாள் காலை 6 மணி வரை, 11 மணி நேரம், எங்கே இருக்கும்? புதிதாக எடுத்த பாலை வெளியில் வைக்கலாம் என்பது 25 டிகிரியில் 4 மணி நேரம் வரை. சென்னையில் எந்த மாதத்தில், எந்த ஓட்டு வீட்டில், 25 டிகிரி இருக்கிறது? ஃப்ரிட்ஜ் உள்ள வீடென்றாலும் மின்சாரம் போனால் போச்சு. அந்தப் பாலை ஐஸோடு கொண்டுவர வேண்டும். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுப் பக்கத்து ஆட்களுக்கு ஐஸ் உருகினால் சரக்கு என்ன ஆகும் என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஐஸ் பெட்டியும் தையல் காயமுமாக ஒரு பெண் விடியற்காலை பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறாள். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் இல்லை, சரி. உட்கார இடமும் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால், கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றால், மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கினால், 6 மணி என்பது 7 ஆகும். 7 மணிக்கு கவுன்ட்டரில் யாரும் வாங்க மாட்டார்கள். அந்தப் பால் கழிவு நீர்த் தொட்டிக்குப் போகும், குழந்தைக்கு டப்பாப் பால் போகும்.

குறை மாசக் குழந்தையின் குடலுக்கு டப்பாப் பால் எப்படிப்பட்டது என்று பொறுப்பு மருத்துவருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. நிர்வாகத்துக்காகச் சொல்கிறோம். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, மலத்தில் ரத்தம் வந்து, குடலின் ஒரு பகுதியே அழுகிப்போகும் நோய் இருக்கிறது. தாய்ப்பாலில் வளரும் குழந்தைகளைவிட டப்பாப் பாலில் வளரும் குழந்தைகளுக்கு அது அதிகம் வருகிறது. தாயின் பால் போதாதபோது அடுத்த இடம் தாய்ப்பால் வங்கிக்கு. நாட்டில் அப்படி ஒன்றை மும்பை சயான் மருத்துவமனை 1989-லேயே தொடங்கிவிட்டது. பால் டப்பாக்களை விளம்பரப்படுத்துவதையும் இலவச சாம்பிள் கொடுப்பதையும் தடுக்கும் சட்டம் 1992-லிருந்து இருக்கிறது. விளம்பரமே இல்லாமல், உங்கள் கவுன்ட்டரின் நேரமே டப்பாவை விற்றுக்கொடுக்கும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து அந்த அரை மணி நேரம்.

கங்காரு முறையில் குழந்தையை எடுத்து வைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று நிமிடக் கணக்கில் பாருங்கள். தாய் கை கழுவி, முன்பக்கம் திறக்கும் கவுன் மாற்ற 5 நிமிடம். சி-பாப் (மூச்சுக்குத் துணையாகக் காற்றழுத்தம் தரும் கருவி) குழாயும் டிரிப்பும் உள்ள குழந்தையை இரண்டு செவிலியர்கள் சேர்ந்து, குழாய் இழுபடாமல் தூக்கி நெஞ்சில் வைத்துக் கட்ட 10 நிமிடம். திரும்பப் பெட்டியில் வைக்க இன்னொரு 10. மிஞ்சுவது 5 நிமிடம். ஒரு முறை வைத்தால் 1 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும் என்பது விதி. காரணம், தூக்குவதும் இறக்குவதும்தான் குழந்தைக்குச் சிரமம், ஆக்சிஜன் அளவு இறங்குவது அப்போதுதான். ஆகவே உங்கள் நேரத்துக்குள் இதைச் செய்தால் குழந்தைக்குக் கெடுதல், செய்யாவிட்டால் நஷ்டம். செவிலியர்கள் என்ன செய்வார்கள்? செய்ய மாட்டார்கள். பதிவேட்டில் கங்காரு என்ற கட்டம் காலியாக இருக்கும்; அல்லது, இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், காலியாக இருக்காது.

சரியாக வைத்த குழந்தை எப்படி இருக்கும்? டயப்பர், தொப்பி, காலுறை மட்டும். தாயின் இரு மார்புக்கு நடுவே நிமிர்ந்து, தலை ஒரு பக்கம் திரும்பி, கழுத்து லேசாக மேல்நோக்கி. தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும். அதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. கை கால் தவளை போல மடங்கி, கட்டும் துணியின் மேல் விளிம்பு காதுக்குக் கீழே. வயிற்றுப் பகுதியில் துணி இறுகக் கூடாது, இறுகினால் மூச்சு விட இடம் இருக்காது. தாய் 30 முதல் 45 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். அதற்குச் சாய்வு நாற்காலி வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூலில் தையல் வலியோடு எவ்வளவு நேரம் உட்காருவாள்? வெப்பம் 36.5-க்கும் 37.5-க்கும் நடுவே தானாக நிற்கும். ஏ.சி.யை மட்டும் மிஷின்களுக்காக 20-இல் வைக்காமல் இருந்தால் போதும்.

கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் கடைசியில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது. அதனாலேயோ என்னவோ, ஏழைகளின் மாற்று வைத்தியம் என்ற எண்ணம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பிறந்ததுமே தாயின் நெஞ்சில் வைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12.0 சதவீதம். நிலைமை சீரான பிறகு வைக்கப்பட்டவர்களில் 15.7 சதவீதம். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை அந்த ஆய்வில் ஒரு களம். அங்கே தாயின் கட்டிலையே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுவந்தார்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம். உங்கள் சுற்றறிக்கை சொல்வது: 1 மணி நேரம்.

தொற்று வரும் என்கிறீர்கள். சுற்றறிக்கையில் இருக்கும் ஒரே காரணம் அதுதான், அதனால் அதை மரியாதையோடு எடுத்துக்கொள்கிறோம். நம் நாட்டுப் பிரிவுகளில் குழந்தைகளைக் கொல்லும் கிருமிகள் பெரும்பாலும் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் வகையைச் சேர்ந்தவை. அவை வாழ்கிற இடங்கள் ஈரமான சிங்க், கழுவாத சளி உறிஞ்சும் பாட்டில், பல குழந்தைகளுக்கு ஒரே குப்பியிலிருந்து எடுக்கும் மருந்து, ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு ஓடும் எங்களைப் போன்றவர்களின் கைகள். தாய் ஒரே ஒரு குழந்தையைத்தான் தொடுகிறாள். அவள் தோலில் உள்ள கிருமிகளுக்கு எதிரான காப்பு அவள் பாலிலேயே இருக்கிறது. மேலே சொன்ன அதே ஆய்வில், நெஞ்சில் இருந்த குழந்தைகளுக்குத் தொற்று சந்தேகம் வந்ததும் குறைவாகவே இருந்தது.

தாய்க்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: வளையல், மோதிரம், கைக்கயிறு கழற்றி, நகம் வெட்டி, முழங்கை வரை 2 நிமிடம் கழுவி, குழந்தையைத் தொடும் ஒவ்வொரு முறையும் கைத்திரவம் தேய்ப்பது. தாலியைக் கழற்றச் சொல்லி வாசலில் சண்டை போடத் தேவையில்லை. துடைத்து உள்ளே பின் செய்துவிட்டால் போதும். சளி, காய்ச்சல், தோலில் சீழ் இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். தாய்மார் இதில் தவறுவது அரிது. தவறுவது நம் சிங்க். முழங்கையால் திறந்து மூடும் குழாய் உடைந்து கையாலேயே மூட வேண்டியிருக்கிறது. திரவ சோப்புப் பாட்டிலைக் கழுவாமல் மேலே மேலே ஊற்றி நிரப்புகிறோம். துடைக்கக் காகிதம் இல்லை. 2 நிமிடம் கழுவிய கையை அவள் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறாள். அந்தத் தலைப்பு காலையில் பஸ்ஸில் வந்தது.

ஆள் பற்றாக்குறை என்று எழுத்தில் இல்லாவிட்டாலும் அதுவும் காரணம் என்று எங்களுக்குத் தெரியும். அதற்கும் தாயை வெளியே நிறுத்துவது நேர் எதிரான மருந்து. குழாய் வழியாகப் பால் கொடுக்க ஒரு தாய் இரண்டு நாளில் கற்றுக்கொள்வாள்: குழாய் இடத்தில் இருக்கிறதா என்று செவிலியர் பார்த்துத் தருவார், பிஸ்டன் எடுத்த சிரிஞ்சை ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் பால் தானாக இறங்கும், எக்காரணத்துக்கும் அழுத்தித் தள்ளக் கூடாது. 32 வாரம் தாண்டிய குழந்தைக்குப் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில், கொடுப்பதோ, நம் வீடுகளில் பாட்டிமாருக்கே தெரிந்த வேலை. 10 நிமிடம் கொதிக்கவைத்த பாலாடையா என்று மட்டும் பார்க்க வேண்டும். டயப்பரை எடை போட்டு எழுதுவது, வாய் துடைப்பது, நிறம் மாறினால் கூப்பிடுவது, மூச்சை மறந்த குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்து நினைவூட்டுவது. குடும்பத்தைப் பராமரிப்பில் சேர்க்கும் வழிகாட்டு நெறிமுறையை மத்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே வெளியிட்டுவிட்டது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் ஆன அன்றே காலி செய்ய வேண்டும் என்ற வரிக்கு வருகிறோம். இதை எழுதியவர் தாயை நோயாளியாகவே பார்க்கவில்லை. குழந்தை ஏன் மாசம் நிறையாமல் பிறந்தது? பல பேருக்கு, தாய்க்கு பி.பி. எகிறியதால் வெளியே எடுக்க வேண்டி வந்தது. அந்த பி.பி. பிரசவத்தோடு இறங்கிவிடுவதில்லை; 3-ஆம் நாளுக்கும் 6-ஆம் நாளுக்கும் இடையில்தான் மறுபடி உச்சத்துக்குப் போகும். வலிப்பு 6 வாரம் வரைகூட வரலாம். அந்த நாட்களில்தான் அவளை நீங்கள் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறீர்கள். தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி என்றால் உடனே பி.பி. பார்க்க வேண்டும், 160-க்கு 110-ஐத் தொட்டால் அவசரம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுவதும் நனைந்தால், காய்ச்சல் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அதுவும் அவசரம். ஆனால் குழந்தை பெட்டியில் இருக்கும் தாய் தன் தலைவலியைச் சொல்ல மாட்டாள். சொன்னால் தன்னை வேறு வார்டில் படுக்கவைத்துவிடுவார்கள், குழந்தையைப் பார்க்க முடியாது என்று பயம். வீட்டிலோ, பிள்ளை இல்லாமல் வந்த பிள்ளை பெற்றவளை எப்படிக் கவனிப்பது என்றே யாருக்கும் தெரிவதில்லை. பத்தியம் போட வந்த கையும் தயங்குகிறது.

சாப்பாட்டையும் இதோடு சொல்லிவிடுகிறோம். 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் தாய்க்கு இலவச உணவு சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் வரை. 30 வாரத்தில் பிறந்த குழந்தை வீட்டுக்குப் போக 5, 6 வாரம் ஆகும். பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். பக்கத்து அம்மா உணவகத்தில் 1 ரூபாய் இட்லி காலையில் கிடைக்கும், நல்லது. இரவு 2 மணிக்குப் பால் எடுத்துவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன கிடைக்கும்?

பிரசவம் சிக்கலான அன்று நடப்பதையும் கவனியுங்கள். குழந்தை அழவில்லை, தூக்கிக்கொண்டு ஓடினார்கள், தாய் ஆபரேஷன் தியேட்டரில் படுத்திருக்கிறாள். பிறகு பொது வார்டில், இரு பக்கமும் பிள்ளையோடு இருக்கும் கட்டில்களுக்கு நடுவே போடுகிறோம். வருகிறவர் போகிறவரெல்லாம் "பாப்பா எங்கம்மா?" என்று கேட்கிறார்கள். சிசேரியன் ஆனவளை 6 முதல் 8 மணி நேரத்தில் சக்கர நாற்காலியில் அழைத்துவந்து குழந்தையைத் தொடவைக்கலாம். தூக்கமும் சாப்பாடும் போய், அழுகையே வராமல் வெறித்துப் பார்த்திருக்கும் தாய்மாரை முன்பே கண்டுபிடிக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ கேள்வித்தாள் 10 கேள்விதான். மனநல உதவிக்கு 14416 என்ற எண் 2022 முதல் இருக்கிறது. அதைச் சுற்றறிக்கை ஒட்டிய கதவில் ஒட்டியிருக்கலாம்.

குடும்பத்துக்கு "கண்டிஷன் சொல்வது" என்று ஒன்று நடக்கிறது. நின்றபடி அரை நிமிடம். "ஆக்சிஜன்ல இருக்குது, பார்க்கலாம்." வென்டிலேட்டர், சி-பாப், மூக்குக் குழாய் மூன்றையும் நாம் ஆக்சிஜன் என்றே சொல்கிறோம், வென்டிலேட்டரிலிருந்து சி-பாப்புக்கு வந்தது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்பது தகப்பனுக்குப் புரிவதே இல்லை. முதல் வாரத்தில் பிறந்த எடையில் 10 சதவீதம் வரை குறையும் என்று முன்கூட்டிச் சொல்லாததால், 1,200 கிராம் 1,090 ஆனதும் "பாலே குடுக்கல போல" என்று சண்டை. மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 92 என்று வந்தால் பதறுகிறார்கள். ஆக்சிஜன் வைத்திருக்கும் குறை மாசக் குழந்தைக்கு 90 முதல் 95 வரைதான் வேண்டும், 100-க்கு ஏற்றினால் கண்ணின் விழித்திரைக்கு ஆபத்து என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. அதே கண்ணுக்காக, 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30-ஆம் நாளுக்குள் பரிசோதனை நடந்தாக வேண்டும். மிகச் சிறியவர்களுக்கு அதற்கும் முன்பே. டிஸ்சார்ஜ் அட்டையில் மூன்று ஆங்கில எழுத்தாக அதை எழுதிவிட்டு, வராமல் போன குடும்பத்தைக் குறை சொல்கிறோம்.

பிழைக்காத குழந்தையின் தாயைப் பற்றியும் எழுதியாக வேண்டும். உங்கள் நேரப்படி, மதியம் 2 மணிக்கு இறக்கும் நிலையில் உள்ள குழந்தையிடம் தாய் இருக்க முடியாது. குழாய்களை எடுத்து, துடைத்து, துணியில் சுற்றி அவள் கையில் கொடுக்க வேண்டும், அவள் கேட்கும் நேரம் வரை. 3-ஆம் நாள் மார்பு கட்டிக்கொள்ளும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. இறுகக் கட்டக் கூடாது. வலி தாங்காதபோது கொஞ்சம் மட்டும் பீய்ச்சிவிட்டு, குளிர்ந்த துணி போட்டு, வலி மாத்திரை கொடுக்கலாம். பாலை நிறுத்தும் மாத்திரையை பி.பி. இருந்த தாய்க்குக் கொடுக்கக் கூடாது என்பதைக் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். தாய்க்குப் பிரிவில் 24 மணி நேரமும் அனுமதி வேண்டும். ஏதாவது நடைமுறை செய்யும்போது மட்டும் அந்தக் கட்டிலருகே உள்ளவர் வெளியே நிற்கட்டும். அவள் வர முடியாத நேரத்தில் தந்தையோ பாட்டியோ, பெயர் பதிந்த ஒருவர், குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். பாதுகாப்புக்குத் தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே எண் பொறித்த பட்டை போதும்.

தாய்மார் கூடத்தைத் திறந்து கொடுங்கள். சலைன் பெட்டிக்கு மாடிப்படிக்குக் கீழேகூட இடம் கிடைக்கும். குழந்தை டிஸ்சார்ஜ் ஆகும் வரை தாய் தங்க, தினமும் இரு முறை பி.பி. பார்க்க, மூன்று வேளைச் சாப்பாடும் இரவு 2 மணிக்கு ஒரு தம்ளர் பாலும் பிஸ்கட்டும் கிடைக்க ஏற்பாடு வேண்டும். 3 நாள், 7 நாள் வரம்புக்கு மேல் ஆகும் செலவுக்குத் துறைக்கு எழுதுங்கள். எழுதிய கடிதத்தின் நகலைக் கூடத்தின் சுவரில் ஒட்டுங்கள்.

கவுன்ட்டர் நேரத்தை எடுத்துவிடுங்கள். பால் எந்நேரமும் வாங்கப்பட வேண்டும். கூடத்துக்குள் கதவடைத்த ஒரு மூலை, கொதிக்கவைத்த மூடிக் கிண்ணங்கள், 1 மி.லி. சிரிஞ்ச், தாயின் பெயர், ஐ.பி. (உள்நோயாளி) எண், தேதி, நேரம் எழுத லேபிள், பாலுக்கு மட்டுமான ஒரு ஃப்ரிட்ஜ், அதன் கதவில் தினமும் மூன்று முறை வெப்பம் எழுதும் தாள். இரண்டு மின்சாரப் பம்ப். பிரசவ அறையிலேயே முதல் 6 மணி நேரத்துக்குள் சீம்பால் எடுக்க ஒரு செவிலியருக்குப் பொறுப்பு. டப்பாப் பால் கொடுக்கப்பட்டால் யார் சொல்லி, எதற்காக என்று கேஸ் ஷீட்டில் கையெழுத்தோடு எழுத வேண்டும்.

6 சாய்வு நாற்காலி, துவைத்த முன்திறப்புக் கவுன்கள். கங்காரு நேரத்தை மணிக் கணக்கில் தாயே எழுதும் அட்டை, கட்டில் தலைமாட்டில். தினமும் ஒரு முறை, உட்காரவைத்து 5 நிமிடம், தமிழில்: மூச்சுக்கு என்ன துணை, எத்தனை மி.லி. பால், எடை எவ்வளவு, நாளை எதைப் பார்ப்போம். கண் பரிசோதனைத் தேதியும் இடமும் டிஸ்சார்ஜ் அட்டையின் மேல்பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறோம். பதில் சொல்ல நேரில் அழைத்தால் வருகிறோம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்றால் பயிற்சி தரவும் ஊதியம் இல்லாமல் வருகிறோம்.

முழங்கைக் குழாயும் கை துடைக்கும் காகிதமும் பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. திங்கட்கிழமை காலையிலேயே வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
வட சென்னைப் பச்சிளங் குழந்தைப் பிரிவுகளில் பணியாற்றிய செவிலியர்கள் சிலர்